கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓர் இரும்புச் சாவி

எனக்கு ஒரு கோளாறு உண்டு. பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் நம்ப மாட்டேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஒன்றைக் கிழக்கு மூலையிலும் இன்னொன்றை மேற்கு மூலையிலும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். (ஒத்தச் செருப்ப வச்சு எவன் என்ன பண்ணுவான்?) யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், பதிலுக்குச் சிரிப்பதற்கு முன்னால் பின்பக்கம் திரும்பி வேட்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

மதுரையில் காலேஜில் சேர்ந்து எஃப்.ஏ. வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்ததும் இந்தக் கோளாறு முற்றிவிட்டது. அதுவரை சும்மா சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன், அதற்கப்புறம் காரண காரியத்தோடு சந்தேகப்பட ஆரம்பித்தேன். அந்தப் பதினெட்டு வயசுப் பயல் இப்போது எதிரே வந்தால் முதுகில் ரெண்டு வைப்பேன்.

லண்டனில் பெரிய மகாராணி போய்ச் சேர்ந்து, மகன் ராஜாவான சமயம். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது, சாத்தூரில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாட்டுவண்டிதான். பொங்கல் லீவுக்கு நான் ஊர் வந்து இறங்கினதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே மீரான் அண்ணன் ஜவுளிக்கடைக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பந்தாட்டக் கோஷ்டிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டத்துக்கு அதுதான் தலைமையிடம், அவர்தான் தலைவர்.

பந்தாட்டம் எங்கள் பக்கத்துக்கு மிஷன் வாத்தியார்கள் மூலமாக வந்தது. கார்த்திகை, மார்கழியெல்லாம் மைதானம் சேறாகக் கிடக்கும். தை பிறந்து பொட்டல் காய்ந்ததும் வருஷத்து ஆட்டங்கள் தொடங்கும். முதல் ஆட்டம் எப்போதும் ராஜபாளையத்தோடு. அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் மற்ற பதினோரு மாசமும் நாங்கள் சோறு தின்றோம்.

முதல் வருஷம் நாலு கோல் வாங்கித் தோற்றோம். ரெண்டாவது வருஷம் அஞ்சு. மூணாவது வருஷம் கடைசி நிமிஷம் வரைக்கும் சமமாக நின்று, எங்கள் ஆளே எங்கள் கோலுக்குள் உதைத்துத் தோற்றோம். அன்றைக்கு மீரான் அண்ணன் கடையை மூடிவிட்டுப் போய்ப் படுத்தவர், ரெண்டு நாள் கழித்து ஒரு சட்டத்தோடு எழுந்து வந்தார்.

"அடுத்த வருசம் ஒருத்தனும் நம்ம ஆளுகளப் பத்தி நல்ல வார்த்த பேசப்படாது," என்றார். "மனசுல ஒண்ணும் வைக்காத. வச்சாத்தான நொறுங்கும்? ஆட்டம் முடியுத வரைக்கும் நம்ம ஆளுக மண்ணுதான். எவனாவது 'செயிப்போம்'னு வாயத் தொறந்தான், இந்தக் கட வாசல்ல பத்து தோப்புக்கரணம்."

"ஆள் நல்லா ஆடுனாக்கூடவா?" என்றேன்.

"நல்லா ஆடுனாத்தாம்ல கண்ணு படும்."

சிக்கல் என்னவென்றால், அந்த நாலாவது வருஷம் எங்கள் ஆட்கள் நிஜமாகவே நன்றாக ஆடினார்கள். முக்கியமாக, பந்து உள்ளே போகாமல் காக்கிற கோலி. அது வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த அண்ணன் சண்முகம். பாளையங்கோட்டையில் ரெண்டு வருஷம் தங்கிப் படித்தபோது ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தான். ஆறடி உயரம். பந்து எந்த மூலைக்குப் போனாலும் அதற்கு முன்னால் அவன் அங்கே போய் நிற்பான். பழகுகிற ஆட்டத்தை முதல் நாள் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் இருக்கையில ஒரு ஈ உள்ள போகுமா?" என்று கேட்டுவிட்டேன். மீரான் அண்ணன் விரலைத் தரையைக் காட்டி நீட்டினார். ஜவுளி எடுக்க வந்த பெண்கள் முன்னால், மதுரைக் காலேஜ் மாணவன் காதைப் பிடித்துக்கொண்டு பத்து போட்டான்.

அதே வாரம் வீட்டில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ஆடிப்பூரத் தேரோட்டத்தில் அண்ணன் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறான். பேர் செல்லம்மாள். ஊர், ராஜபாளையம். (எதிரி ஊர்! நான் ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.) "கட்டுனா அந்தப் பிள்ளையத்தான் கட்டுவேன், இல்லன்னா போலீஸ்ல சேந்து எங்கயாவது போயிருவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். பெரியவர்கள் பேசி, வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று ஆகியிருந்தது. சனிக்கிழமை ஆட்டம். அண்ணனுக்கு வெள்ளிக்கிழமைதான் பெரிசு. எனக்கு சனிக்கிழமை.

இந்த நிலைமையில்தான், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பொட்டல் ஓரத்தில் குடையோடு ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார்.

நாற்பது வயசிருக்கும். நல்ல மீசை. ஒற்றை மாட்டு வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, மற்ற பத்துப் பேரை ஏறெடுத்தும் பார்க்காமல், கோல் கம்பத்துக்கு நடுவில் நின்ற என் அண்ணனை மட்டுமே ஒரு மணி நேரம் வெறித்துப் பார்த்தார். புதன்கிழமையும் வந்தார். அதே இடம், அதே குடை, அதே பார்வை. எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சிக்கு எந்தூரு?"

"இங்ஙனதான், பக்கத்துல. பருத்தி பாக்க வந்தேன்."

தை மாசம் முதல் வாரத்தில் பருத்தியா? எங்கள் காட்டில் காயே இன்னும் வெடிக்கவில்லை. சந்தேகம் நம்பர் ஒன்று. அந்த நேரம் பார்த்து அவருடைய மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அவர் திரும்பி, "ஆகு, ஆகு!" என்றார். மாடு டக்கென்று நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த மாடாவது தெலுங்கில் நிற்குமா? தெலுங்கு கேட்கிற மாடென்றால் அது, வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் இருக்கிற ராஜபாளையத்து மாடுதான். எங்கள் கோலியின் பலவீனம் என்ன என்று பார்த்துக்கொண்டு போக ஒற்றனை அனுப்பியிருக்கிறான்கள்! (ஷெர்லாக்கு மாதிரி வேலையெல்லாம் தனியாப் படிக்கணுமா என்ன, நமக்கு ரத்தத்துலயே இருக்கு என்று அப்போது நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.)

அவரே ஆரம்பித்தார். "அந்தா நிக்காரே உசரமா, அவரு எப்படி தம்பி? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

நல்ல ஆள் என்று சொன்னால் சனிக்கிழமைக்கு எங்கிருந்தாவது ரெண்டு முரடர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவான்கள். மட்டம் என்று சொன்னால் அசட்டையாக வருவான்கள். மீரான் அண்ணன் சட்டமும் அதைத்தானே சொல்கிறது? குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அத ஏன் கேக்கிய அண்ணாச்சி. பாக்கத்தான் ஆளு. அவனுக்கு மாலைக்கண்ணு. பொழுது சாஞ்சா பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது."

"அடப் பாவமே! வேற?"

'வேற' என்று கேட்டது அவர் செய்த தப்பு. எனக்கு ஊற்று திறந்துகொண்டது.

"இடது தோள்பட்ட தூக்க வராது. பனையில இருந்து விழுந்துட்டான். அம்பது அடி ஓடுனா மூச்சு வாங்கும், உக்காந்துக்கிடுவான். அதக்கூட விடுங்க…" இங்கே நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "கூட்டம் சத்தம் போட்டாப் போதும், வலிப்பு வந்து விழுந்திருவான். கையில இரும்புச் சாவியக் குடுத்து இறுக்கிப் பிடிச்சாத்தான் எந்திரிப்பான். இதெல்லாம் வெளிய தெரியாது. வீட்டுல மறைச்சு வச்சிருக்காவ."

"வீட்டுல மறைச்சு வச்சிருக்காவளா?"

"மூச்சு விட மாட்டாவ!"

அந்த மனிதர் முகம் வெளுத்துப் போனது. குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வண்டி ஏறினார். நான் கடைக்கு ஓடிப் போய் முழுக்கதையையும் சொன்னேன். மீரான் அண்ணன் முதல்முறையாக என் தோளில் தட்டிக்கொடுத்து, "காலேஜுக்கு அனுப்புனது வீண் போகல" என்றார். அந்தப் பாராட்டு என் உடம்பில் சரியாக ரெண்டு நாள் தங்கியது.

வெள்ளிக்கிழமை காலை. வீடு கழுவிக் கோலம் போட்டு, அம்மா பட்டுச்சேலையில். அண்ணன் மூன்று தடவை குளித்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் நான் செம்பில் தண்ணீரோடு வாசலுக்குப் போனேன். வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். குடை. மீசை. மாட்டைப் பார்த்து "ஆகு!"

செம்பு கையிலிருந்து நழுவி உருண்டது.

ஒற்றன்! எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்! நான் உள்ளே திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்: "யப்பா! ராஜபாளையத்து ஒத்தன் வந்திருக்கான், விடாதீய!"

அப்பா ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு, ரெண்டு கையையும் கூப்பினார். "வாங்க, வாங்க… ஏலே கூறுகெட்ட பயலே! அவிய பொண்ணோட தாய்மாமன் நல்லமுத்துல!"

கல்யாணம் பேசுவதற்கு முன்னால் பெண் வீட்டில் ஒருவர், இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல், மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பாவே வத்திராயிருப்புக்குப் போய் உப்பு வாங்குகிற ஆள் மாதிரி ரெண்டு நாள் சுற்றினார். ஊரில் பிறந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பந்து வந்து மண்டைக்குள் உட்கார்ந்திருந்தால் அங்கே வேறு எதற்கு இடம்?

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நல்லமுத்து மாமா, பெண்ணின் அப்பா, ரெண்டு பேர்தான். தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, ஒரு முழம் பூ இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

மாமா தொண்டையைக் கனைத்தார். "தப்பா நெனைக்கப்படாது. உங்க மகனுக்கு மாலைக்கண்ணு, தோள்பட்டச் சேதாரம், மூச்சு வாங்குது, போதாததுக்கு வலிப்பு. இம்புட்டையும் மறைச்சு எங்க பிள்ளையக் கேட்டிருக்கீய."

"எவன் சொன்னான்?" அப்பா எழுந்துவிட்டார்.

மாமாவின் குடை மெதுவாக உயர்ந்து, என் பக்கம் திரும்பி நின்றது.

அண்ணன் என்னைப் பார்த்தான். ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அந்தப் பார்வையை நான் மறுபடி வாங்கமாட்டேன். நான் அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பந்தாட்டம், மீரான் அண்ணன் சட்டம், பருத்தி, தெலுங்கு மாடு, எல்லாம்.

"மாட்ட எங்கூர்ல ஒரு ராஜு வீட்டுல வாங்குனேன்," என்றார் மாமா கோபமாக. "அது தமிழ்ல நிக்காது. அதுக்கு நான் என்ன செய்ய?"

"நான் சொன்னது அம்புட்டும் பொய் மாமா. எங்கண்ணன் கல்லு மாதிரி இருக்கான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். "பந்துக்காக அன்னைக்குப் பொய் சொன்னேங்கான். கல்யாணத்துக்காக இன்னைக்குப் பொய் சொல்லுதானோ என்னமோ! எதக் கண்டது?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் பெண்ணின் அப்பாதான் வாயைத் திறந்தார். "நாளைக்கு ஆட்டம் இருக்குல்லா? சாயங்காலந்தான? கூட்டமும் சத்தம் போடும். மச்சான் பாக்கட்டும். நின்னு ஆடுனா தட்டோட வாரோம். விழுந்தா, வண்டி இப்பிடியே ஊருக்குப் போயிரும்."

ஆக, சனிக்கிழமை ஆட்டத்தில் இருந்தது எங்கள் ஊர் மானம் மட்டுமில்லை. என் அண்ணன் கல்யாணம்.

அன்று பொட்டலில் ரெண்டு ஊரும் திரண்டிருந்தது. ராஜபாளையத்துக்காரர்கள் வண்டி வண்டியாக, வெள்ளை வெளேரென்ற வேட்டைநாய்களோடு வந்திருந்தார்கள். நல்லமுத்து மாமா சொந்த ஊர்க்காரர்களோடு போய் உட்காரவில்லை. எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால், நாலடித் தூரத்தில் வந்து நின்றுகொண்டார். மடியில் என்னவோ புடைத்துக்கொண்டிருந்தது. (எனக்கு மறுபடி சந்தேகம் வந்தது. அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குத்தான் திறந்திருக்கவேண்டும்.)

அண்ணன் ஆடினான் பாருங்கள்! மேலே வந்ததை எட்டிப் பிடித்தான், கீழே வந்ததை விழுந்து பிடித்தான், நடுவில் வந்ததை நெஞ்சால் வாங்கினான். இடது கையை எதற்கெடுத்தாலும் தேவைக்கு மேலேயே தூக்கித் தூக்கிக் காட்டினான். அது தோள்பட்டைக்காக என்று எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தடவை கூட்டம் கத்தும்போதும் மாமா துள்ளித் துள்ளி விழுந்தார். "மெதுவாக் கத்துங்கய்யா! செத்த நேரம் சும்மா இருங்கய்யா!" என்று ரெண்டு ஊர் சனத்தையும் பார்த்துக் கும்பிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பொழுது சாய்ந்தது. ரெண்டு பக்கமும் கோல் இல்லை. விசில் ஊத இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தால் அதிகம். தோற்காமல் முடிந்தால் அதுவே எங்களுக்குத் தேர்த் திருவிழா. மீரான் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "மனசுல ஒண்ணும் வைக்காத, மனசுல ஒண்ணும் வைக்காத" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்து நெட்டையன் ஒருவன் முழு பலத்தோடு ஓர் உதை விட்டான். அண்ணன் இடது பக்கம் பறந்து, பந்தைத் தட்டிவிட்டு, குப்புற விழுந்தான். பந்து ரெண்டு எட்டு தள்ளி உருண்டது. எழுந்து அதை அமுக்கவேண்டியதுதான் பாக்கி. நான் என்னையே மறந்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "அண்ணேஏஏ!" என்று அலறினேன். கூட்டமே என்னோடு சேர்ந்து அலறியது.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்து ஓர் உருவம் பாய்ந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" நல்லமுத்து மாமா, குடையை எறிந்துவிட்டு, எழப்போன என் அண்ணன் முதுகில் ஏறி உட்கார்ந்து, மடியிலிருந்து முழ நீளத்துக் களஞ்சியச் சாவி ஒன்றை உருவி அவன் கையில் திணித்தார். "பிடிங்க! இறுக்கிப் பிடிங்க! ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இப்பச் சரியாப் போயிரும்!"

"என்னய்யா இது, விடுய்யா!" அண்ணன் கீழே கிடந்து துள்ளினான். துள்ளத் துள்ள, அது வலிப்பேதான் என்று மாமாவுக்கு உறுதியாகிவிட்டது. இன்னும் அழுத்திப் பிடித்தார்.

ராஜபாளையத்து நெட்டையன் செத்த நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அப்புறம் பந்தைப் பார்த்தான். பிறகு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுவது மாதிரி, காலால் மெல்ல உள்ளே தள்ளினான்.

நாங்கள் நியாயம் கேட்டு ஓடினோம். விசில் வைத்திருந்த டிரில் மாஸ்டர் நிதானமாக விசாரித்தார். "உள்ள வந்தது யாரு?" ராஜபாளையத்துக்காரர். "எதுக்கு வந்தாரு?" எங்கள் கோலிக்கு உதவி செய்ய. "அப்ப அவரு உங்க ஆளுதான? உங்க ஆளால வந்த நட்டம் உங்களுக்குத்தான். கோல்." நாலாவது வருஷம்.

மைதானத்தின் நடுவில் அண்ணன் எழுந்து நின்றான். மூஞ்சியெல்லாம் மண். கையில் சாவி. "என்ன மாமா இது?" என்றான்.

மாமா அவன் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார். இடது தோளைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "சாவி மாப்ளே… உங்க தம்பிதான் சொன்னாரு" என்றார்.

'மாப்ளே' என்ற அந்த வார்த்தையிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மைதான ஓரத்தில் அப்பாவோடு நின்றிருந்த அம்மா அங்கேயே கும்பிட்டாள். தோற்ற ஆட்டத்தில் சிரித்துக்கொண்டு நின்ற ஒரே கோலி உலகத்திலேயே என் அண்ணனாகத்தான் இருப்பான். ஆனால் 'தம்பி' என்ற வார்த்தையும் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. பதினோரு ஆட்டக்காரர்களும், மீரான் அண்ணனும், பின்னால் முழு ஸ்ரீவில்லிபுத்தூரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தை ஆட்டத்தில் ஓடியிருந்தால் நாங்கள் ஆறு கோல் போட்டிருப்போம். வீட்டுப் பக்கமே போகாமல் சுந்தரபாண்டியத்தில் இருந்த சித்தப்பா வீட்டில் போய்த்தான் நின்றேன்.

செல்லம்மா அண்ணி வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. மாமா புதன்கிழமை திரும்பிப் போய் நான் சொன்ன சீக்குப் பட்டியலை ஒப்பித்ததும், வெள்ளிக்கிழமைப் பயணத்தையே நிறுத்திவிடப் பார்த்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் இருந்து அண்ணிதான் கேட்டாராம்: "மாலைக்கண்ணு உள்ள ஆளயா மாமா சாயங்காலம் பந்து மறிக்க நிப்பாட்டுதாவ? உங்ககிட்டச் சொன்னவன் மொதல்ல யாருன்னு பாருங்க." ஒரு வருஷம் காலேஜில் உட்கார்ந்த எனக்கு அந்த ஓட்டை தெரியவில்லை. பள்ளிக்கூடமே போகாத அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சாவி சீர்வரிசையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு தையிலும் முதல் ஆட்டத்துக்கு நான் கிளம்பும்போது அண்ணி அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "கொழுந்தனாரே, முக்கியமானத மறந்துட்டுப் போறீயளே!" விருந்தாளி யார் வந்தாலும் கதை முதலிலிருந்து ஓடும். நடுவில் நான் ஒரு வியாதியை விட்டுவிட்டால் நல்லமுத்து மாமா எடுத்துக்கொடுப்பார்.

போன வாரம் எங்கள் ஆட்கள் பொட்டலில் பழகிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், மண்ணு. தள்ளி, அதே வேப்பமரத்தடியில் ஒரு வண்டி நின்றது. முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் இறங்கி வந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பெண் பார்க்கிறார்கள் என்று அம்மா சாடைமாடையாகச் சொல்லியிருந்தாள். உள்ளங்கை அரித்தது. நான் சட்டையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். அதற்குள் என் அண்ணன், கோல் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு, அவரிடம் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரம் பேசினான். இடையிடையே குரலைத் தாழ்த்திச் சுற்றுமுற்றும் வேறு பார்த்துக்கொண்டான்.

"என்னண்ணே சொன்ன?" என்று கேட்டேன்.

"உள்ளதச் சொன்னேன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மீரான் அண்ணன் கடைக்கு ஓடினேன். பெரியவர் அந்த வழியாகத்தான் போயிருந்தார்.

"அவரு எதுவும் சொன்னாராண்ணே?"

மீரான் அண்ணன் துணியை மடித்து அடுக்கிக்கொண்டே சொன்னார்: "மனசுல ஒண்ணும் வைக்காத தம்பி. நல்ல கனமா ஒரு இரும்புச் சாவி எங்க கிடைக்கும்னு விசாரிச்சுட்டுப் போறாரு."